அளவு ஜாக்கெட்டும் ஹெச்டிஆர் கேமும்

முதன்முதலில் டிவியில் ஹெச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் இன்னும் விரிவாகப் பிரித்துக் காட்டும் பட முறை) போட்டு ஒரு கேமைத் திறந்தபோது எனக்குக் கிடைத்தது ஏமாற்றம்தான். படம் சோகை பிடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. குகைக்குள் போனால் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம். வெளியே வந்தால் வானம் முழுக்க ஒரே வெள்ளைப் பூச்சு, மேகம் எங்கே முடிகிறது, சூரியன் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஹெச்டிஆரை அணைத்துவிட்டு ஒரு வருஷத்துக்குப் பழைய மாதிரியே விளையாடிக்கொண்டிருந்தேன். டிவியில் கோளாறு இல்லை, கேமிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே போயிருக்கவேண்டிய சில தகவல்கள்தான் போகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

தையல்காரரிடம் ஜாக்கெட் துணி கொடுக்கும்போது கூடவே ஒரு அளவு ஜாக்கெட்டும் கொடுப்பார்கள். அது இல்லையென்றால் அவர் குத்துமதிப்பாகத்தான் வெட்டவேண்டும். கேமின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். உங்கள் டிவி அதிகபட்சம் எவ்வளவு வெளிச்சம் தரும், எந்த அளவு இருட்டு வரை பிரித்துக் காட்டும் என்பதை யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். 'இந்தக் குறி கண்ணுக்கு மறையும்வரை அழுத்துங்கள்' என்று கன்சோலில் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கேம் பெட்டியில்) ஹெச்டிஆரைச் சரிசெய்யும்போது திரையில் வருகிறதே, அங்கே உங்கள் ரசனையை யாரும் கேட்கவில்லை. அளவு ஜாக்கெட்டைத்தான் கேட்கிறார்கள். பலரும் அதை ரசனைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, 'நல்லா பளிச்சுன்னு இருக்கட்டுமே' என்று ஸ்லைடரை ஏற்றிவிடுகிறார்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

நிட் கணக்கு

திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கு நிட் என்று பெயர். ஒரு மெழுகுவத்தி தரும் ஒளியின் வலிமை ஏறத்தாழ ஒரு கேண்டெலா. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா என்றால் அது ஒரு நிட். ஹெச்டிஆருக்கு முந்தைய பழைய முறையான எஸ்டிஆர் படங்களை ஸ்டுடியோவில் சரிபார்க்கும்போது முழு வெள்ளைக்கு வைத்துக்கொண்ட அளவு 100 நிட். முழு நிலவின் பரப்பு சில ஆயிரம் நிட். உச்சிவெயில் சூரியனோ நூறு கோடி நிட்டையும் தாண்டிவிடும். இந்த உலகத்தை 100 நிட்டுக்குள் அடைக்கவேண்டியிருந்ததால்தான் பழைய படங்களில் வெள்ளைச் சட்டையும் ட்யூப்லைட்டும் சூரியனும் ஏறத்தாழ ஒரே வெள்ளையாக இருந்தன.

எஸ்டிஆர் சிக்னல் பேசுவது சதவீதத்தில். 'இந்தப் புள்ளியை உன் முழு வெளிச்சத்தில் இவ்வளவு பங்கு ஏற்று' என்று சொல்லும். டிவியில் வெளிச்சத்தைக் கூட்டினால் படம் முழுவதும் சேர்ந்து கூடும். கேம்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹெச்டிஆர்10 அப்படிப் பேசுவதில்லை. அதன் அடியில் இருப்பது பிகியூ என்ற வளைவு. டால்பி நிறுவனம் உருவாக்கி, 2014-இல் தரநிலையாக அறிவிக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரடியாக ஒரு நிட் மதிப்பு உண்டு. 'இந்தப் புள்ளி 600 நிட்' என்று ஆணையே வரும். உச்சவரம்பு 10,000 நிட்.

இந்த வளைவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹெச்டிஆர்10 ஒவ்வொரு மதிப்பையும் 10 பிட்டில், அதாவது 0, 1 என்ற பத்து இலக்கங்களில் குறிப்பதால் மொத்தம் 1,024 படிகள். அதில் பாதிப் படிகளைத் தாண்டும்போதும் நாம் 100 நிட்டை எட்டியிருக்கமாட்டோம், 92 நிட் அளவில்தான் இருப்போம். முக்கால்வாசிப் படி ஏறினால்தான் 1,000 நிட். மிச்சமிருக்கும் கால்வாசியில் 1,000-லிருந்து 10,000 வரை அடங்கிவிடுகிறது. இருட்டுப் பக்கம் சிறு வித்தியாசமும் நம் கண்ணில் படும், பளீரென்ற வெளிச்சத்தில் பெரிய வித்தியாசமே தெரியாமல் போகும். அதனால்தான் இந்தப் பங்கீடு. ஹெச்டிஆர் என்றால் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் என்று கடைகளில் விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். பாதிக்கு மேற்பட்ட படிகள் நிழலுக்கும் சாதாரண வெளிச்சத்துக்குமே செலவாகின்றன.

சரி, 10,000 நிட் காட்டும் டிவி நம் வீட்டில் இருக்கிறதா? இல்லை. ஒன்று 400 வரை போகும், இன்னொன்று 800, நல்ல விலையுள்ள புதிய மாடல்கள் ஆயிரங்களைத் தொடும். அப்படியானால் 800 நிட் டிவிக்கு '2,000 நிட் காட்டு' என்று ஆணை வந்தால் என்ன நடக்கும்? இரண்டு வழிதான். 800-க்கு மேலிருப்பதையெல்லாம் ஒரே வெள்ளையாக வெட்டிவிடலாம், அல்லது மேலேயிருப்பதைச் சுருக்கி 800-க்குள் மடக்கலாம். இந்தச் சுருக்குகிற வேலைக்குத்தான் டோன் மேப்பிங் என்று பெயர்.

ரெடிமேட் சட்டையும் தைத்த சட்டையும்

சினிமாவும் கேமும் பிரிகிற இடம் இது. சினிமா ரெடிமேட் சட்டை. ஸ்டுடியோவில் 1,000 அல்லது 4,000 நிட் மானிட்டரைப் பார்த்து ஒருமுறை முடித்து அனுப்பிவிட்டார்கள். உங்கள் டிவி யாருடையது, எவ்வளவு வெளிச்சம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் சட்டையை வாங்கியவர் வீட்டில் பிடித்துத் தைத்துக்கொள்வதுபோல, டிவிதான் தன் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளவேண்டும்.

கேம் அப்படியல்ல. ஒவ்வொரு ஃபிரேமையும் உங்கள் கண்ணெதிரே அந்த நொடியில் வரைகிறது. அளவு தெரிந்தால் நேராக உங்கள் டிவிக்கென்றே வரைந்து தரமுடியும். சூரியனைச் சுற்றியுள்ள மேகத்தின் விளிம்பு 700 நிட்டில், சூரியன் 800-இல் என்று தானே பங்கிட்டுக்கொள்ளும்.

ஆனால் டிவி பழக்க தோஷத்தில், வருவதெல்லாம் ரெடிமேட் என்றே நினைக்கிறது. கேம் ஏற்கெனவே அளவாகத் தைத்து அனுப்பியதை, அது இன்னொரு தடவை பிடித்துத் தைக்கிறது. இரண்டு முறை சுருங்கிய படம் எப்படியிருக்கும்? மேகம் மங்கும், தீயின் மஞ்சள் மந்தமாகும். டைனமிக் டோன் மேப்பிங் என்று ஒன்றிருந்தால் காட்சிக்குக் காட்சி டிவி தன்னிஷ்டத்துக்கு வெளிச்சத்தை மாற்றும். ஒரு கதவைத் திறந்ததும் அறையே திடீரென்று பிரகாசமாகும். சிலருக்கு அது பிடிக்கும். கேமை உருவாக்கியவர் வைத்த வெளிச்சம் அதுவல்ல.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க சோனி, மைக்ரோசாப்ட், டிவி தயாரிப்பாளர்கள், கேம் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து வழிகாட்டுதல் எழுதினார்கள். குழுவின் பெயர்ச் சுருக்கம் ஹெச்ஜிஐஜி. அவர்கள் சொல்வதன் சாரம் எளிது. டோன் மேப்பிங்கைக் கேம் செய்யட்டும், டிவி தன் உச்சம் வரை உள்ளது உள்ளபடி காட்டிவிட்டு அதற்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். எல்ஜியின் ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) டிவிகளில் டோன் மேப்பிங் மெனுவுக்குள் ஹெச்ஜிஐஜி என்ற பெயரிலேயே இது இருக்கும். வேறு சில நிறுவனங்கள் கேம் மோடுக்குள் வைத்திருக்கின்றன. சோனியின் புதிய பிராவியா மாடல்களில் பல, பிளேஸ்டேஷன் 5-ஐ இணைத்தவுடன் தங்கள் அளவைத் தாமே சொல்லிவிடுகின்றன. உங்கள் டிவியில் இப்படி எதுவும் இல்லையென்றால் டைனமிக் டோன் மேப்பிங்கையாவது அணைத்துவிடுங்கள்.

வரிசை முக்கியம்: டிவி, கன்சோல், கேம்

அளவெடுத்த பிறகு ஆள் இளைத்தால் சட்டை தொளதொளவென்று ஆகும். அதுபோல, கன்சோலில் அளவு கொடுத்த பிறகு டிவியின் படத்தேர்வை மாற்றினால் கொடுத்த அளவு பொய்யாகிவிடும். ஆகவே டிவியை முதலில் முடித்துவிடவேண்டும்.

ஹெச்டிஆர் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவி மெனுவைத் திறங்கள். பெரும்பாலான டிவிகள் எஸ்டிஆருக்கு ஒன்று, ஹெச்டிஆருக்கு ஒன்று என்று தனித்தனியாக அமைப்புகளைச் சேமிக்கின்றன. எஸ்டிஆரில் இருந்துகொண்டு மாற்றினால் ஹெச்டிஆருக்கு ஒன்றும் சேராது. விளையாடப்போவது கேம் மோடில் என்றால் அளவும் கேம் மோடில்தான் எடுக்கவேண்டும், சினிமா மோடில் எடுத்து என்ன பயன்? மின்சார சேமிப்பு, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மாறும் சென்சார், இரண்டையும் அணைத்துவிடுங்கள். பேக்லைட் (திரைக்குப் பின்னிருக்கும் விளக்கு) அல்லது ஓஎல்இடி வெளிச்சம் எனப்படும் அமைப்பு ஹெச்டிஆரில் உச்சத்திலேயே இருக்கட்டும். '600 நிட்' என்ற ஆணையை நிறைவேற்ற டிவிக்கு அந்தத் திராணி வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்று பெயர் போட்டிருப்பது உண்மையில் கறுப்பின் அளவை மாற்றும் ஸ்லைடர். அதைத் தொட்டால் குகை சாம்பலாகும், இல்லையென்றால் இருட்டில் இருப்பதெல்லாம் மொத்தமாக மறையும். நிறுவனம் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட் முழு சிக்னலை வாங்க அனுமதிக்கவேண்டும் என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள். எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட் என்று ஆளுக்கொரு பெயர். அது அணைந்திருந்தால் கன்சோல் 'இந்த டிவியில் ஹெச்டிஆர் இல்லை' என்று கைவிரிக்கலாம்.

என் குகை சாம்பலானதற்குக் காரணமும் இந்தக் கட்டத்தில்தான் அகப்பட்டது. கன்சோலில் ஆர்ஜிபி அளவை (கறுப்பு முதல் வெள்ளை வரை எந்த எண்களில் அனுப்புவது என்ற அமைப்பை) 'லிமிடெட்' என்று எப்போதோ மாற்றியிருந்தேன், டிவியில் அதே அமைப்பு 'ஃபுல்' என்று இருந்தது. ஒரு பக்கம் கறுப்பு 16-இல் தொடங்குகிறது, மறுபக்கம் 0-வில் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறது. அப்புறம் கறுப்பு எங்கிருந்து வரும்? இரண்டு பக்கமும் 'ஆட்டோ' என்று வைத்தவுடன் குகை குகையானது. ஹெச்டிஆர் மேல் பழி போட்டதெல்லாம் வீண்.

இனி கன்சோல். பிளேஸ்டேஷன் 5-இல் திரை, வீடியோ அமைப்புகளுக்குள் 'அட்ஜஸ்ட் ஹெச்டிஆர்' என்று இருக்கிறது. மூன்று திரைகள் வரும். முதல் இரண்டும் வெளிச்சத்தின் உச்சத்துக்கு. அங்கே வெள்ளைப் பின்னணியில் ஒரு குறி தெரியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெளிச்சம் ஏறும். டிவி தன் உச்சத்தைத் தொட்டதும் குறியும் பின்னணியும் ஒரே வெள்ளையாகிக் குறி காணாமல் போகும். காணாமல் போகிற அந்த முதல் அழுத்தலில் நிறுத்தவேண்டும். அதற்கு மேல் நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் திரையில் மாற்றம் தெரியாது. ஆனால் கேமிடம் 'என்னிடம் 2,000 நிட் இருக்கிறது' என்று பொய் சொல்லிக்கொண்டே போகிறீர்கள்.

ஏன் இரண்டு திரைகள்? ஒரு சின்ன இடத்தை மட்டும் ஒளிரவைக்கும்போது டிவி தரும் உச்சம் வேறு, முழுத் திரையையும் வெள்ளையாக்கும்போது தரும் உச்சம் வேறு. ஓஎல்இடியில் இந்த இடைவெளி பெரிது. சிறு கட்டத்துக்கு 800 நிட் தரும் டிவி, முழு வெள்ளைக்கு 150-க்கு அருகே இறங்கிவிடலாம். எரிகிற மின்சாரமும் கிளம்பும் சூடும் கட்டுக்குள் இருக்கவேண்டுமே. மூன்றாவது திரை இருட்டுக்கு. அங்கேயும் குறி கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகும் எல்லைதான் வேண்டியது. நல்ல ஓஎல்இடியில், விளக்கை அணைத்த அறையில், அது ஏறத்தாழ அடிமட்டத்துக்கே போய்விடும்.

எக்ஸ்பாக்ஸிலும் இதே வேலைதான், குறிக்குப் பதிலாகக் கட்டம் போட்ட வடிவம் மறையும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் 2022-இல் தனியாக ஒரு காலிபரேஷன் ஆப் வெளியிட்டது, ஸ்டோரில் இலவசம். அதில் கடைசியாக நிறச் செறிவுக்கு ஒரு ஸ்லைடர் வரும். அதை அசைக்காமல் விடுவதே என் வழக்கம், அளவு சொல்லும் இடத்தில் சாயம் கேட்பானேன்?

கேமுக்குள் இருக்கும் ஸ்லைடர்கள்

சில கேம்கள் கன்சோலில் கொடுத்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளும். நிறைய கேம்கள் தமக்கென்று தனி மெனு வைத்திருக்கும். பெயர்கள் கேமுக்குக் கேம் மாறினாலும் சாராம்சம் இரண்டுதான், உச்ச வெளிச்சமும் பேப்பர் ஒயிட்டும். சைபர்பங்க் 2077-இல் இவ்விரண்டோடு நடுத்தர வெளிச்சத்துக்கு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது.

உச்ச வெளிச்சம் அளவு சம்பந்தப்பட்டது. டிவி 800 என்றால் 800. இதில் பேரம் கிடையாது. எண் தெரியாதா? கேமில் நண்பகல் சூரியனுக்கு அருகே மேகம் இருக்கும் இடத்தில் நின்று வானத்தைப் பாருங்கள். மேகத்தின் மடிப்புகள் தெரியாமல் வெள்ளைச் சாந்து அப்பியதுபோல் இருந்தால் எண் அதிகம். சூரியன் குண்டு பல்பு மாதிரி சோர்ந்து தெரிந்தால் எண் குறைவு.

பேப்பர் ஒயிட் என்பது, கேம் உலகத்தில் ஒரு சாதாரண வெள்ளைத்தாள் எத்தனை நிட்டில் தெரியவேண்டும் என்ற கேள்வி. மெனு எழுத்து, சுண்ணாம்புச் சுவர், பகலில் ஒருவரின் முகம் எல்லாம் இதைச் சார்ந்தே ஏறி இறங்கும். ரசனைக்கு இடமுள்ள ஒரே ஸ்லைடர் இதுதான். ஒளிபரப்புத் துறைக்கான சர்வதேசப் பரிந்துரை 203 நிட் என்கிறது. 200-இல் ஆரம்பித்து, இரவில் விளக்கணைத்து விளையாடுபவர் கொஞ்சம் இறக்கலாம், வெளிச்சமான அறையில் ஆடுபவர் கொஞ்சம் ஏற்றலாம்.

ஆனால் இந்த ரசனைக்கும் ஒரு விலை உண்டு. 800 நிட் டிவியில் தாள் 200 என்றால், சூரியனோ தீப்பொறியோ தாளைப்போல் நான்கு மடங்கு ஜொலிக்கலாம். தாளை 400-க்கு ஏற்றினால் இரண்டு மடங்குதான் மிச்சம். படம் மொத்தமும் பளிச்சென்று ஆகும், வெளிச்சத்துக்கும் சாதாரணத்துக்கும் இருந்த தூரம் போய்விடும். ஹெச்டிஆருக்காகக் காசு கொடுத்தது அந்தத் தூரத்துக்குத்தான்.

'எஸ்டிஆரைவிட ஹெச்டிஆர் மங்கலாக இருக்கிறதே' என்ற புகாரின் மூலமும் இதுதான். எஸ்டிஆர் வெள்ளைக்கு ஸ்டுடியோ அளவு 100 நிட் என்றாலும், வீட்டில் நாம் டிவியை 300-க்கு ஏற்றிவைத்துப் பழகியிருப்போம். அந்தக் கண்ணோடு 200 நிட் தாளைப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள், கண் பழகிவிடும். பழகவில்லையென்றால், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பிகியூ வளைவு மங்கலான அறையை மனதில் வைத்து உருவானது. தலைக்கு மேலே விளக்கு எரியும் கூடத்தில், அது கவனமாகப் பங்கிட்ட நிழல் படிகளெல்லாம் திரையில் விழும் பிரதிபலிப்பில் கரைந்துவிடும்.

எந்தத் திரைக்கு இத்தனை பாடு வேண்டாம்

பெட்டியில் 'டிஸ்ப்ளேஹெச்டிஆர் 400' என்று முத்திரை குத்திய விலைகுறைந்த எல்இடி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. அந்த முத்திரை 2017 இறுதியில் வந்தபோது, திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங் கட்டாயமாக இல்லை. நட்சத்திரம் ஒன்றுக்காக பேக்லைட்டை ஏற்றினால் இரவு வானம் முழுவதும் வெளுக்கும். தாளுக்கு 200 கொடுத்தால் மிச்சம் இரண்டு மடங்கு மட்டுமே. நானாக இருந்தால் அந்தத் திரையில் எஸ்டிஆரிலேயே விளையாடுவேன். ஓஎல்இடி மானிட்டர்களில் வரும் 'ட்ரூ பிளாக் 400' வேறு ரகம். எண் ஒன்றுதான், ஆனால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு என்பதால் அங்கே ஹெச்டிஆர் பிரமாதமாக இருக்கும்.

விண்டோஸில் ஹெச்டிஆரை எப்போதும் போட்டு வைத்தால் சாதாரண எஸ்டிஆர் ஜன்னல்களின் நிழல்கள் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், விண்டோஸ் பயன்படுத்தும் வளைவும் மானிட்டர்கள் பழகிய வளைவும் இருட்டுப் பகுதியில் ஒத்துப்போவதில்லை. விளையாடும்போது மட்டும் போட்டுக்கொள்ள விண்டோஸ் பட்டன், ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே ஒரு கேம் மட்டும் சொதப்பினால் உங்களை நொந்துகொள்ளவேண்டாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வெளியான 2018-இல் அதன் ஹெச்டிஆர் பலத்த விமர்சனத்துக்கு ஆளானது, 2019-இல் வந்த அப்டேட்டில்தான் ஹெச்டிஆருக்கு 'கேம்', 'சினிமாட்டிக்' என்று இரண்டு தேர்வுகள் கிடைத்தன. தையல்காரரே தப்பாக வெட்டிவிட்டால் அளவு ஜாக்கெட் என்ன செய்யும்?

இணையத்தில் உலவும் 'ஹெச்டிஆர், எஸ்டிஆர் வித்தியாசம் பாருங்கள்' படங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஹெச்டிஆரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் சாதாரணப் படமாக மாறும்போதே வெளுத்துப்போவது சகஜம். போனில் டிவியைப் படம்பிடித்தால் போன் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். உங்கள் திரையை உங்கள் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. பல டிவிகள் அமைப்புகளை ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. வீடு பெருக்கும்போது யாராவது கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் சொருகினால், நீங்கள் செய்தது அத்தனையும் பழைய போர்ட்டிலேயே தங்கிவிடும். குகை மறுபடி சாம்பலாகத் தெரிந்தால் முதலில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.